அன்புள்ள டி

தியடோரா லான்ஸ்டன் இறந்த பதினோராம் நாள், வெதர்கோம்ப் ஊரின் பெரிய மனிதர்கள் ஏழு பேர் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு டோர்கஸ் விம்பிளின் வீட்டுக்குள் வரிசையாக நுழைந்தார்கள். அவள் அப்போது சமையலறையில் உட்கார்ந்து தேனடையிலிருந்து மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை பிசுக்கு. சாவு விழுந்தால் தேனீக்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற ஊர் வழக்கப்படி தோட்டத்துத் தேன்கூடுகளுக்குத் துக்கம் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கறுப்புத் துணி கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுக்கென்று யாரும் துக்கம் கேட்க வந்ததில்லை. அதனால் ஏழு பேரை ஒன்றாகப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

வந்தவர்கள் துக்கம் கேட்க வரவில்லை.

"மிசஸ் விம்பிள், நாங்க லான்ஸ்டன் நினைவுச் சங்கம்" என்றார் முன்னால் நின்றவர். சர் கிரெவில் பாண்ட். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மாளிகைக்காரர். "நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சோம். நான் தலைவர். இவர் மிஸ்டர் ஸ்விதின், செயலாளர். மத்தவங்க அஞ்சு பேரும் துணைத் தலைவர்கள்."

"உறுப்பினருங்க?"

"அது அடுத்த கட்டம்."

தியடோரா இந்த ஊரில்தான் பிறந்தாள். இருபத்திரண்டு வயதில் லண்டனுக்குப் போய்ப் பத்தொன்பது நாவல் எழுதினாள், ஒவ்வொன்றும் மூன்று பாகம். உயிரோடு இருந்தவரை வெதர்கோம்பில் அவற்றை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. இரண்டைக் கண்டித்துத் தேவாலயத்தில் பிரசங்கம் நடந்ததுண்டு. ஆனால் அவள் இறந்த செய்தியை லண்டன் பத்திரிகைகள் கறுப்புக் கட்டம் போட்டு வெளியிட்டதைப் பார்த்த பிறகு, தான் அவளை எவ்வளவு ஆழமாக நேசித்து வந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியவந்தது.

"அவங்க உங்களுக்குக் கடிதம் எழுதினதா தபால்காரர் சொல்றாரு" என்றார் ஸ்விதின். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எதைச் சொன்னாலும் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்வார்.

"எழுதுவா. ஒண்ணாப் படிச்சோம். முப்பத்துநாலு வருஷக் கடுதாசி."

அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் பெட்டியையும் ஒரு தொப்பிப் பெட்டியையும் இறக்கினாள். ஏழு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். எண்ணிப் பார்த்ததில் அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் இருந்தன. நினைவு மலருக்காக எட்டு நாள் இரவல் வேண்டும் என்று கேட்டார் சர் கிரெவில். தன் சிநேகிதி தியோவைப் பற்றி ஊர் தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று டோர்கஸ் சம்மதித்தாள்.

போகும்போது ஸ்விதின் ஜன்னலோர நாற்காலியைக் காட்டிக் கேட்டார். "இதுல அவங்க உட்கார்ந்ததுண்டா?"

"ஒரு தடவை. பல்வலியோட."

உடனே ஒரு துணைத் தலைவர் பையிலிருந்து ஊதா நாடாவை எடுத்து, நாற்காலியின் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் குறுக்கே கட்டினார். இனி அதில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதிய அட்டையையும் தொங்கவிட்டார். அன்றிலிருந்து டோர்கஸ் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எட்டு நாள் ஆயிற்று. ஆறு வாரமும் ஆயிற்று. கடிதங்கள் வரவில்லை.

டோர்கஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் சாயங்காலத் தேநீரோடு தியோவின் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் படிப்பாள். அதைப் படிக்கும்போது அந்தக் கரகரத்த குரல் காதிலேயே கேட்கும். இப்போது கடிதம் இல்லாமல் நினைவிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால் குரல் வரமாட்டேன் என்றது. தன் பதிப்பாளரைத் தியோ திட்டும் அந்த மூன்று வார்த்தையில் எது முதலில் வரும்? நினைவுக்கு வரவில்லை. அன்றுதான் டோர்கஸ் உண்மையாகவே பயந்தாள்.

மறுநாள் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். பழைய தானியச் சந்தைக் கட்டடத்தைப் பிடித்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் தியடோராவின் பேனா, காலணி, பாதி தேய்ந்த சோப்பு. ஒரு பெட்டியில் மஞ்சளேறிய கைக்குட்டை: 'செல்வி லான்ஸ்டனுடையது. தலைவர் அன்பளிப்பு. வந்த வழி கூறப்படவில்லை.' நடுவில் பெரிய பெட்டியில், வெள்ளை நாடா கட்டி, எண் ஒட்டி, அவளுடைய கடிதங்கள்.

"என் கடுதாசியைக் கேக்க வந்தேன்" என்றாள்.

ஸ்விதின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வேலை நடந்துட்டிருக்குங்க. இதுவரைக்கும் எல்லாத்தையும் எடை போட்டாச்சு, நீளம் அகலம் அளந்தாச்சு. மொத்தம் ஒன்பது பவுண்டு நாலு அவுன்ஸ். நல்ல எடைதான்னு தலைவரே சொன்னாரு."

"படிச்சீங்களா?"

"வாசிப்புக் குழு அமைச்சிருக்கோம். குழுவுக்கான விதி இன்னும் நிறைவேறல. விதி இல்லாம எப்படிப் படிக்கிறது? உரைக்காகத் தலைவர் மட்டும் விசேஷ அனுமதியில நாலு கடிதம் பார்த்திருக்காரு."

"அனுமதி யாரு குடுத்தா?"

"தலைவர்தான்."

"சரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. இங்கேயே நின்னு படிச்சுட்டுத் தந்துடறேன்."

ஸ்விதின் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "உறுப்பினர் இல்லாதவங்க தொடக் கூடாதுங்க. உறுப்பினர் ஆகணும்னா தேர்வு எழுதணும். செல்வி லான்ஸ்டனைப் பத்தி அடிப்படை அறிவு இருக்கான்னு பார்ப்போம். உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கலாம்."

டோர்கஸ் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். செல்வி லான்ஸ்டன் இவ்வுலகில் அதிகம் நேசித்தது எது என்ற கேள்விக்கு, 'வெண்ணெயில் வதக்கிய வெங்காயம்' என்று எழுதினாள். ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்றதற்கு, 'அவளுக்கு நேரமில்லை; தவிர, படுக்கையில் குறுக்கே படுத்துத்தான் தூங்குவாள்.' அவர் சிரிப்பை வர்ணிக்கவும் என்றதற்கு, 'வாத்தை மிதித்தாற்போல் இருக்கும்.'

மூன்றாம் நாள் விடைத்தாள் வந்தது. நூற்றுக்கு ஏழு. சரியான விடைகளைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அவர் நேசித்தது சத்தியம். அவர் இலக்கியத்தை மணந்திருந்தார். அவர் சிரித்ததில்லை. ஏழு மதிப்பெண்ணும் கையெழுத்துக்காக.

பக்கத்து வீட்டு ஜெமைமா ட்ரெவிட் ரொட்டிக்கடைக்காரி. விடைத்தாளை மாவுக்கையோடு வாங்கிப் படித்துவிட்டு, "அடிப்பாவி, முப்பத்துநாலு வருஷம் பழகி ஃபெயிலாயிட்டியே" என்றாள். "அந்தத் துணைத் தலைவனுங்க எவ்வளவு வாங்கினானுங்களாம்?"

"எல்லாரும் நூத்துக்கு நூறாம்."

"நேர்ல பார்க்காதவன்தான் தப்பு பண்ணமாட்டான்."

அடுத்த மாதம் தலைவரின் உரை. ஊரே திரண்டிருந்தது. டோர்கஸும் ஜெமைமாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சர் கிரெவில் மேடையேறி, ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"சான்றோர்களே, இக்கடிதங்கள் அனைத்தும் 'அன்புள்ள டி' என்றே தொடங்குகின்றன. யார் இந்த டி? சிலர் இதை ஒரு மனிதரின் பெயர் என்று கருதக்கூடும். எளிய மனங்கள் எளிய விளக்கங்களையே நாடும். நான் நான்கு கடிதங்களை வாசித்தேன். மூன்றை முழுவதும் வாசித்தேன். டி என்பது டியூட்டி. கடமை! கடமையை நோக்கி ஓர் ஆன்மா எழுதிய அறுநூற்றுப் பன்னிரண்டு பிரார்த்தனைகள் இவை."

கைதட்டல் எழுந்தது. ஒரு துணைத் தலைவர் எழுந்து, டி என்பது டெத், அதாவது மரணம், என்றும் கொள்ள இடமுண்டு என்றார். அதைப் பரிசீலிக்க உடனே ஒரு கிளைக்குழு அமைக்கப்பட்டது.

"ஒரு கடிதத்தில், 'உன் பன்றி மறுபடி வேலியை உடைத்துவிட்டதா' என்று கேட்கிறார்" என்று தொடர்ந்தார் தலைவர். "பன்றி என்பது பிரான்ஸ். இதை நிரூபிக்கத் தேவையில்லை. இன்னொன்றில், 'ராத்திரி வெங்காயம் தின்று நெஞ்செரிச்சல்' என்கிறார். தேசத்தின் நிலை கண்டு எரிந்த நெஞ்சம் அது."

டோர்கஸ் எழுந்து நின்றாள். "ஐயா, அந்தப் பன்னி என்னோடது. டி-யும் நான்தான். உறையிலேயே என் விலாசம் இருக்குமே, பேக் லேன், மிசஸ் விம்பிள்னு."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. சர் கிரெவில் கோபப்படவில்லை. கருணையோடு சிரித்தார்.

"அம்மா, தபால்காரர் ஒரு வீட்டு வாசல்ல கடிதத்தைப் போட்டார்ங்கிறதால, அது அந்த வீட்டுக்கு எழுதினதாயிடுமா? மழை உங்க கூரையிலயும்தான் பெய்யுது. உங்களுக்காகவா பெய்யுது? நல்லா யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு பெரிய மேதை, தேன் விக்கிற ஒரு விதவைக்கு முப்பத்துநாலு வருஷத்தைச் செலவழிப்பாங்களா? அப்படி நடந்திருந்தா அது நம்ம ஊருக்கு எவ்வளவு பெரிய அவமானம்."

பெரும்பாலோர் தலையாட்டினார்கள்.

அக்டோபரில் சிலை திறப்பு. இடுப்புவரை உள்ள பளிங்குச் சிலை. தியடோராவின் மூக்கு சற்றே கோணல். அதைச் சிற்பி நேராக்கியிருந்தான். தாடையையும் பாதியாகக் குறைத்திருந்தான். லண்டனிலிருந்து இரண்டு பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். நிகழ்ச்சியின் சிகரமாக முதல் கடிதத்தை முதன்முதலாக வாசிப்பது என்று ஏற்பாடு. பொதுமக்களுக்கு முன்னால் வேறு கண் அதன்மேல் படக் கூடாது என்று தீர்மானமே போட்டிருந்தார்கள். படவும் இல்லை. ஸ்விதின் வெள்ளை நாடாவை வெள்ளிக் கத்தரிக்கோலால் வெட்டி, கடிதத்தைப் பிரித்து, பாடம் ஒப்பிக்கும் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"'லண்டன், 1849 மார்ச். அன்புள்ள டி, நான் ஏன் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போனேன்னு ஊரே கேக்குதுன்னு எழுதியிருந்தே. இலக்கியத்துக்காகன்னு சொல்லிவை.'"

சபையில் பெருமூச்சு. சர் கிரெவில் கண்ணை மூடிக்கொண்டார்.

"'உண்மை உனக்கு மட்டும். அந்த கிரெவில் பாண்ட் வந்து என்னைக் கட்டிக்கறியான்னு கேட்டான்.'"

ஸ்விதின் நிறுத்தினார். தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணைத் திறந்திருந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. இடையில் நிறுத்தலாம் என்று எந்த விதியிலும் இல்லை. ஸ்விதின் விதியை மீறி அறியாதவர்.

"'மாட்டுக்கொட்டாய் பக்கம் நின்னுட்டிருந்தோம். மண்டி போடறவன் கீழே பார்த்துப் போட வேணாமா? ரெண்டு முழங்காலும் சாணியில புதைஞ்சுது. எழுந்திருக்கவும் இல்ல. தானே எழுதின அன்னப்பறவைப் பாட்டை அப்படியே ஒப்பிச்சான். நாப்பத்தெட்டுச் செய்யுள். பதினாறாவதுல, இது அன்னமா வாத்தான்னு கேட்டுட்டேன். அழுதுட்டான். என் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்திட்டு, ஞாபகார்த்தமா வச்சுக்கறேன்னு கொண்டுபோயிட்டான். நல்ல லினன், டோர்கஸ். என் அம்மா தச்சது.'"

கடைசி வரிசையிலிருந்து ஜெமைமாவின் குரல் வந்தது. "செயலாளர் ஐயா, அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கே, அதுதானா?"

சிரிப்பு முதலில் மீன்காரர்கள் பக்கம் வெடித்தது. பத்திரிகைக்காரர்கள் இருவரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். டோர்கஸ் சிரிக்கவில்லை. 'நல்ல லினன், டோர்கஸ்' என்ற இடத்தில் அந்தக் கரகரத்த குரல் திரும்பி வந்திருந்தது. அது போய்விடப் போகிறதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று பிற்பகலே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. பிரச்சினை எளிதானது. கடிதங்கள் உண்மையென்றால் தலைவர் சாணியில் மண்டியிட்டவர். தலைவர் சாணியில் மண்டியிடக் கூடியவர் அல்லர். ஆகவே கடிதங்கள் உண்மையல்ல. ஏழு பேரும் ஒருமனதாக வாக்களித்தார்கள். தலைவர் இரண்டு முறை கை தூக்கினார்.

மறுநாள் காலை ஸ்விதின் ஒரு காகிதத்தோடு டோர்கஸின் வீட்டுக்கு வந்தார். ஜெமைமா ரொட்டி கொடுக்க வந்தவள் போகாமல் நின்றுகொண்டாள்.

"கடிதமெல்லாம் போலின்னு தீர்மானம் ஆயிடுச்சுங்க" என்றார். "போலியைச் சங்கத்துல வச்சுக்க விதி இடம் குடுக்கல. ரெண்டு வழி இருக்கு. நீங்கதான் இதையெல்லாம் எழுதினீங்கன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, எழுதினவங்களுக்கே திருப்பிக் குடுத்துடலாம். இல்லேன்னா உரிமையாளர் இல்லாத போலி. சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சங்கத்து அடுப்புல எரிச்சுடுவோம். உறுப்பினர்கள் பார்க்கலாம்."

டோர்கஸ் காகிதத்தை வாங்கிப் படித்தாள். 'மேற்படி அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் நானே கற்பனை செய்து எழுதினேன் என்றும், செல்வி லான்ஸ்டன் எனக்கு ஒருப்போதும் எழுதியதில்லை என்றும், அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது என்றும் இதன்மூலம்...'

பேனாவை எடுத்தாள். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் கீழே வைத்தாள்.

"போலின்னு சொல்றேன். நானே எழுதினேன்னும் சொல்றேன். தெரியவே தெரியாதுங்கிறதை மட்டும் அடிச்சுடலாமா?"

"அதுதாங்க முக்கியமான வாசகம். தலைவரே கைப்பட எழுதினது."

டோர்கஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே லேசான தூறல்.

"அவளுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான் ஜெமைமா. லண்டன்ல எல்லாரும் அவளை அண்ணாந்து பார்ப்பாங்க. பல்வலின்னா என்கிட்டதான் சொல்லுவா. அதை நானே இல்லேன்னு எழுதிக் குடுக்கறதா?"

ஜெமைமா ரொட்டிக் கூடையைக் கீழே வைத்தாள். "இதோ பாரு. சனிக்கிழமை அடுப்புல போறது அந்தக் காகிதமா, அவளா? நீ கையெழுத்துப் போடாட்டி அவ மறுபடியும் சாவா. போட்டா, ஒரு முட்டாள் பயலுக்கு ஒரு நிம்மதி. அவ்வளவுதான். இந்த நிலைமையில தியோவா இருந்தா என்ன பண்ணுவா?"

டோர்கஸ் யோசித்தாள். "எழுத்துப்பிழையைத் திருத்திட்டுப் போடுவா" என்றாள். 'ஒருபோதும்' என்பதில் இருந்த ஒரு பிழையைத் திருத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். மை ஒரு சொட்டு விழுந்தது. ஸ்விதின் அதை ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"அந்தப் பதினாறாவது செய்யுள் விஷயம்... ரொம்ப நல்ல உரைநடைங்க. நீங்க எழுதினதா இருந்தா, பாராட்டறேன்."

ஊரில் டோர்கஸின் மதிப்பு அன்றிலிருந்து ஏறிவிட்டது. மேதைக்குச் சிநேகிதி என்று சொன்னபோது நம்பாதவர்கள், மேதையைப் போலவே அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதம் எழுதக்கூடிய மோசடிக்காரி என்றதும் தெருவில் நின்று வணக்கம் சொன்னார்கள். லண்டன் பதிப்பாளர் ஒருவர், அவளிடம் நாவல் ஏதேனும் கைவசம் உண்டா என்று கேட்டு எழுதினார். அவர்தான் தியோ மூன்று வார்த்தையில் திட்டும் பதிப்பாளர். டோர்கஸ் பதில் போடவில்லை.

சனிக்கிழமை ஸ்விதின் தள்ளுவண்டியில் பெட்டிகளைக் கொண்டுவந்தார். பிஸ்கட் பெட்டி, தொப்பிப் பெட்டி, அவற்றோடு அவள் பார்த்திராத ஒரு மரப்பெட்டியும் இருந்தது.

"இது என்னோடது இல்லையே."

"உங்களோடதுதாங்க. லண்டன் வீட்டுச் சாமானையெல்லாம் செல்வி லான்ஸ்டனோட மருமான் எங்களுக்குக் குடுத்தார்ல, அதுல மேசைக்குள்ளே இருந்துச்சு. 'யாரோ ஒரு பெண், தேனீ பத்தி, முக்கியமில்லை'ன்னு பட்டியல் போட்டு வச்சிருந்தோம். நேத்து உங்க கையெழுத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கை. மோசடிக்கு முன்னாடி நீங்க எழுதிப் பழகின தாளுன்னு கூட்டத்துல முடிவாச்சு. அதனால இதுவும் உங்களுக்கே."

அவர் போன பிறகு டோர்கஸ் மூடியைத் திறந்தாள். அவள் தியோவுக்கு எழுதிய கடிதங்கள். எல்லாமே இருந்தன. எதையும் வைத்துக்கொள்ளாதவள் தியோ. தன் கைப்பிரதியைக் கிழித்தே அடுப்பு மூட்டுகிறவள். 'உன் கடுதாசியெல்லாம் படித்ததும் குப்பைக்குப் போகிறது, சுருக்கமாக எழுது' என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது எழுதுவாள். அப்படிப்பட்டவள் முப்பத்துநாலு வருஷத்தையும் வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

ஓரங்களில் பென்சில் எழுத்து. பன்றி வேலியை உடைத்த கடிதத்தின் ஓரத்தில், 'இதை பிஷப் ஆக்கிவிடு, இரண்டாம் பாகம், ஏழாம் அத்தியாயம்.' டோர்கஸின் புருஷன் இறந்த வாரக் கடிதத்தில், 'என்ன எழுதுவது? எதுவும் சரியாக வரவில்லை. நேரில் போ.' தியோ அன்று வந்திருந்தாள். பல்வலி என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். இன்னொன்றில் வெறுமனே, 'ஹா.'

டோர்கஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். தேநீர் ஆறிப்போயிற்று. அடியில் கடைசிக் கடிதம் இருந்தது, இந்த வருஷம் பிப்ரவரியில் எழுதியது. 'டாக்டர் என்ன சொன்னார்? மழுப்பாமல் எழுது' என்று கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதிலில் டாக்டரின் மீசையைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, வேறொன்றும் இல்லை. இப்போது அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்தைப் படித்தாள். கை தளர்ந்து, கோடு வளைந்து போயிருந்தது.

'சொல்லக் கூடாது. சொன்னா அடுத்த ரயில்லயே வந்து நிப்பா. இந்தக் குளிர்ல அவ தேன்கூட்டை யாரு பார்த்துப்பா?'

டோர்கஸ் எழுந்து பேனாவும் மைக்கூடும் எடுத்து வந்தாள். பென்சில் வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

'ஜெமைமா பார்த்திருப்பாடி, மடச்சி' என்று எழுதி, மை காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருந்தாள்.